ஆதார் பாதுகாப்பு வசதிகள்: எந்தப் பூட்டு பிடிக்கிறது, எது பாதியில் நின்றுவிடுகிறது

ஆதார் எண்ணைப் பாதுகாக்க, ஆதாரை வழங்கும் அமைப்பான யூஐடிஏஐ தரும் வசதிகள் முக்கியமாக ஆறு: எண் மறைத்த இ-ஆதார், விஐடி என்ற மாற்று எண், பயோமெட்ரிக் பூட்டு, ஆதார் எண் பூட்டு, அங்கீகாரப் பதிவேடு (உங்கள் ஆதாரை எந்த நிறுவனம் எப்போது சரிபார்த்தது என்ற பட்டியல்), ஆஃப்லைன் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) கோப்பு. ஆறும் மைஆதார் தளத்தில் கிடைக்கின்றன, ஒன்றுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் ஆறும் ஒரே தரத்தில் இல்லை. பயோமெட்ரிக் பூட்டை எல்லோரும் போட வேண்டும். எண் மறைத்த நகல் நல்லது, அதன் எல்லை தெரிந்து பயன்படுத்தினால். விஐடி அருமையான ஏற்பாடு, வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. ஆஃப்லைன் கோப்பின் நிலை இன்னும் மோசம்.

எதற்கும் முதலில் ஆதாரில் உங்கள் மொபைல் எண் பதிவாகியிருக்க வேண்டும். ஓடிபி இல்லாமல் இந்த ஆறில் ஒன்றுகூட நகராது. பல வீடுகளில் பெரியவர்களின் ஆதாரில் இருப்பது பத்து வருடத்துக்கு முன் முகாம் நடந்தபோது கொடுத்த ஏதோ ஒரு எண். எப்போதோ கைவிட்ட சிம்மாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் எண்ணாகவும் இருக்கலாம். ஓடிபி போகும் இடம் அதுதான் என்பதால் முதலில் இதைச் சரிபாருங்கள். தளத்தில் உள்ளே நுழையாமலே ஆதார் செல்லுபடி பார்க்கும் பக்கத்தில் 12 இலக்கத்தையும் கேப்சாவையும் கொடுத்தால் வயது வரம்பு, பாலினம், மாநிலம், பதிவான மொபைலின் கடைசி மூன்று இலக்கங்கள் வரும். இந்தப் பக்கத்தை உங்கள் எண் தெரிந்த யாரும் திறக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். மொபைல் மாற்ற ஆதார் மையத்துக்குச் சென்றால் ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள், விரல்ரேகை போதும். கட்டணம் 2025 அக்டோபர் முதல் 75 ரூபாய். அப்போதே மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

பயோமெட்ரிக் பூட்டு

இந்த ஆறில் உண்மையான பணநஷ்டத்தைத் தடுப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஏஇபிஎஸ் என்ற முறையில் வங்கி முகவரிடம் பணம் எடுக்க மூன்று விஷயம் போதும்: எந்த வங்கி என்பது, ஆதார் எண், விரல்ரேகை. ஓடிபி கிடையாது, பின் கிடையாது, ஏடிஎம் அட்டையும் வேண்டாம். கிளை இல்லாத கிராமத்துக்கு அது பெரிய வரம். ஆனால் ஆதார் எண்ணும் விரல்ரேகையும் சேர்ந்து ஒரே தாளில் இருந்தால் அந்தத் தாளே பணம் எடுக்கும் சாவியாகிவிடும். கிரயப் பத்திரம் அப்படிப்பட்ட தாள்: விரல்ரேகை மையில் பதிந்திருக்கும், அடையாளச் சான்றாக ஆதார் நகலும் கூடவே இருக்கும். பதிவு ஆவணங்களின் பிரதிகளிலிருந்து ரேகையை எடுத்து, சிலிக்கானிலோ ரப்பரிலோ வார்த்து, கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளன. போலி ரேகையைக் கண்டுபிடிக்க 2023 பிப்ரவரியில் யூஐடிஏஐ ஒரு புதிய சோதனையைக் கொண்டுவந்தது. ரேகையின் நுண்புள்ளிகளோடு விரலின் படத்தையும் சேர்த்துப் பார்த்து உயிருள்ள விரலா என்று முடிவு செய்யும் முறை அது. இது நல்ல முன்னேற்றம்தான். இருந்தாலும் கடவுச்சொல் கசிந்தால் மாற்றிவிடலாம், ரேகையை எங்கே போய் மாற்றுவது? பூட்டி வைப்பதுதான் வழி.

செய்முறை எளிது. மைஆதாரில் எண்ணும் ஓடிபியும் கொடுத்து நுழைந்து, பயோமெட்ரிக் பூட்டு என்ற பகுதியைத் திறந்து, விளைவுகள் புரிந்தன என்ற கட்டத்தில் டிக் போட்டு, அடுத்ததை அழுத்தினால் முடிந்தது. எம்ஆதார் செயலியிலும் 2025 நவம்பரில் வந்த புதிய ஆதார் செயலியிலும் இதே வசதி உண்டு. பூட்டிய பிறகு விரல்ரேகை, கருவிழி, முகம் மூன்றும் செல்லாது. யாராவது ரேகை வைத்தால் 330 என்ற பிழை எண் வரும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ரேஷன் கடையில் விற்பனையாளருக்குத் தெரிவது ஏதோ ஒரு பிழை எண் மட்டும். "ரேகை விழவில்லை, கையைத் துடைத்து வையுங்க" என்பார். பத்து முறை துடைத்தாலும் விழாது. சிம் வாங்கும்போதும் இதே கதை. கடைக்குப் போகும் முன் தற்காலிகமாகத் திறக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்: பத்து நிமிடம் திறந்திருந்து தானாகவே பூட்டிக்கொள்ளும். வரிசை நீளமாக இருந்தால் வீட்டிலேயே திறந்துவிட்டுப் போவதில் பயனில்லை. உங்கள் முறைக்கு இரண்டு ஆள் இருக்கும்போது போனை எடுங்கள். ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்றை முகப் பதிவு மூலம் கொடுக்கும்போதும் பூட்டு தடுக்கும். முகம் சரியாகத் தெரியவில்லை என்று வெளிச்சத்தை மாற்றி மாற்றி முயல்வதற்கு முன் பூட்டைப் பாருங்கள்.

பலர் பயப்படும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். பூட்டுப் போட்டால் எரிவாயு மானியம் போன்ற நேரடிப் பணம் நிற்காது. அந்தப் பணம் வருவது ஆதாரோடு எந்த வங்கி இணைந்திருக்கிறது என்ற பட்டியலை வைத்து, அதற்கு உங்கள் ரேகை தேவையே இல்லை. ஓடிபி மூலம் நடக்கும் வேலைகளும் வழக்கம்போல நடக்கும். இதன் மறுபக்கம், ஓடிபியை யாரிடமாவது சொல்லிவிட்டால் இந்தப் பூட்டு உங்களைக் காப்பாற்றாது.

வங்கி முகவரிடம் பணம் எடுக்கும் பழக்கமே இல்லாதவர்கள் வங்கியில் கேட்டு ஏஇபிஎஸ் வசதியையும் நிறுத்தி வைக்கலாம். சில வங்கிகளின் செயலியிலேயே அந்தப் பொத்தான் இருக்கிறது, மற்றவற்றில் கிளைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வாசல் முழுதாக அடைபடும்.

எண் மறைத்த இ-ஆதார்

பதிவிறக்கும் பக்கத்தில் எண் மறைத்த ஆதார் வேண்டுமா என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து, கடைசி நான்கு மட்டும் தெரியும் பிடிஎஃப் வரும். செல்லுபடியில் குறைவு ஒன்றும் இல்லை. 2022 மே 27 அன்று யூஐடிஏஐயின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், மறைத்த நகலைக் கொடுங்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மே 29 அன்றே மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்தக் குழப்பத்தால் பலர் மறைத்த நகலே ரத்தாகிவிட்டதாக நினைக்கிறார்கள். ரத்தானது அந்த அறிவிப்புதான், வசதி அப்படியே இருக்கிறது.

கோப்பைத் திறக்கும் கடவுச்சொல்லில் தமிழ்நாட்டுக்காரர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள், காரணம் இனிஷியல். விதி இது: ஆதாரில் ஆங்கிலத்தில் உள்ளபடி பெயரின் முதல் நான்கு குறிகள் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த ஆண்டு. இடைவெளி கணக்கில் வராது, ஆனால் புள்ளி கணக்கில் வரும். பெயர் பி. குமார் என்று புள்ளியோடு இருந்து பிறந்தது 1990 என்றால், பி, புள்ளி, கே, யூ, அதன் பின் 1990. இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பெயரே மூன்று எழுத்து என்றால் அந்த மூன்றும் ஆண்டும் போதும். உங்கள் பெயரும் வயதும் தெரிந்த எவரும் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் இது. கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

இப்போது குறைகள். மறைபடுவது எண் மட்டும். முகவரி, பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் அப்படியே இருக்கும். கியூஆர் குறியீட்டிலும் இவை அத்தனையும் உண்டு. அந்தக் குறியீட்டில் யூஐடிஏஐயின் டிஜிட்டல் கையொப்பம் இருப்பதால் யாரும் திருத்த முடியாது, ஆனால் உரிய செயலி உள்ள யாரும் படிக்கலாம். முகவரியை வெட்டிவிட்டு கியூஆரை விட்டுவைத்தால் வெட்டியதில் பொருளில்லை.

பழைய அட்டைகளில் இது இன்னும் மோசம். 2018-க்கு முன் அச்சான பல அட்டைகளின் கியூஆரில் 12 இலக்கமும் சாதாரண எழுத்தாகவே இருக்கிறது. எண்ணின் மேல் மை பூசி ஜெராக்ஸ் எடுத்தாலும் எந்த ஸ்கேனரும் முழு எண்ணைப் படித்துவிடும். அப்படிப்பட்ட அட்டையை லேமினேட் செய்து வைத்திருப்பவர்கள் புதிதாகப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொண்டு, பழையதை நகல் எடுக்கத் தராமல் வைத்துக்கொள்வது நல்லது.

பிடிஎஃப்பின் மேல் பாதியையும் கவனியுங்கள். தபால் கடிதம் போன்ற அந்தப் பகுதியில் பதிவு எண்ணும், முகவரியின் கீழே மொபைல் எண்ணும் இருக்கும். ஆதார் எண்ணும் மொபைல் எண்ணும் ஒரே தாளில் கிடைத்தால் "யூஐடிஏஐயிலிருந்து பேசுகிறோம்" என்று அழைத்து ஓடிபி கேட்பவனுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. கீழ்ப் பாதியை மட்டும் வெட்டிக் கொடுங்கள். அதில் எண்ணுக்குக் கீழே 16 இலக்க விஐடி அச்சாகியிருந்தால் அதையும் மறையுங்கள், ஏனென்றால் அங்கீகாரத்துக்கு அது ஆதார் எண்ணைப் போலவே செல்லும்.

போனில் இருக்கும் படத்தில் நீங்களே மறைப்பதானால் ஹைலைட்டர் போன்ற தூரிகையைத் தொடாதீர்கள். அது பாதி ஒளிபுகும், வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். பிடிஎஃப்பின் மேல் வரையும் கருப்புப் பெட்டியும் தனி அடுக்காகவே நிற்கும், அதை நீக்கிவிடலாம். திடமான கருப்பில் மறைத்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை அனுப்புங்கள். தாளில் கொடுப்பதானால் எதற்காக, யாரிடம், எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஓரத்து வெள்ளை இடத்தில் எழுதினால் வெட்டிவிடலாம், புகைப்படத்தின் ஓரத்தையும் எழுத்துகளையும் தொட்டுக்கொண்டு எழுத வேண்டும்.

ஜெராக்ஸ் கடையிலோ இ-சேவை மையத்திலோ பதிவிறக்கினால் அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் கோப்பை நீக்கச் சொல்லி, நீங்கும் வரை நின்று பாருங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுக்கும் வழக்கத்தைக் கைவிட, கடைக்காரரின் வாட்ஸ்அப் வரலாற்றில் நூற்றுக்கணக்கான ஊர்க்காரர்களின் ஆதார் வரிசையாகக் கிடப்பது எவ்வளவு ஆபத்து என்று ஒருமுறை யோசித்தாலே போதும்.

விஐடியும் எண் பூட்டும்

ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்கத் தற்காலிக எண்தான் விஐடி. 2018-இல் வந்தது. இதிலிருந்து ஆதார் எண்ணைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியாது. புதிதாக ஒன்று உருவாக்கினால் பழையது அந்த நொடியே செத்துவிடும். ஆகவே ஒரு இடத்தில் கொடுத்து வேலை முடிந்ததும் வேறொன்று உருவாக்கிக்கொள்ளலாம். இணையம் வேண்டாம்: பதிவான மொபைலிலிருந்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஜி, வி, ஐ, டி என்று சேர்த்தடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்களைப் போட்டு 1947-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் விஐடி வந்துவிடும். இருக்கும் விஐடி மறந்துவிட்டால் முதல் எழுத்தை மட்டும் ஆர் என்று மாற்றி அனுப்புங்கள். ஒரே மொபைலில் குடும்பத்தில் பலரின் ஆதார் இருந்து, கடைசி நான்கு இலக்கம் இருவருக்கு ஒத்துப்போனால், எட்டு இலக்கங்கள் கொடுக்க வேண்டும்.

வடிவமைப்பாகப் பார்த்தால் முழு மதிப்பெண் தரலாம். பின்னணியில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு: முழு எண்ணைப் பெற அனுமதி இல்லாத நிறுவனங்களுக்கு யூஐடிஏஐ எண்ணைத் தராமல் 72 குறிகள் கொண்ட ஒரு டோக்கனைத் தருகிறது. ஒரே ஆளுக்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு டோக்கன். அதனால் இரண்டு நிறுவனங்கள் தங்கள் பட்டியல்களை ஒட்டிப்பார்த்து உங்களைப் பொருத்த முடியாது.

நடைமுறையில்தான் தடுக்கி விழுகிறது. பல விண்ணப்பங்களில் கட்டமே பன்னிரண்டுதான், 16 இலக்கம் போட இடமில்லை. கவுண்டரில் இருப்பவருக்கு விஐடி என்றால் என்ன என்று தெரிவதில்லை. இது பயனரின் குறையல்ல. அரசுத் துறைகளே தங்கள் படிவங்களை மாற்றாததன் விளைவு.

ஆதார் எண் பூட்டு விஐடியின் அடுத்த படி. பூட்டியபின் 12 இலக்க எண்ணை வைத்து ரேகை, ஓடிபி, பெயர் சரிபார்ப்பு எதுவும் நடக்காது, விஐடி மட்டுமே செல்லும். விஐடி முன்பே உருவாக்கியிருந்தால்தான் பூட்ட முடியும். மிக வலுவான பூட்டு, ஆனால் எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். வருமான வரிக் கணக்கை ஆதார் ஓடிபி மூலம் உறுதிசெய்வது போன்ற, 12 இலக்க எண்ணையே நம்பியிருக்கும் வேலைகளுக்கு முன் ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டும். இதைத் தாங்களே கையாளக்கூடியவர்களுக்கும், எண்ணும் ரேகையும் கசிந்துவிட்டதாகத் தெரிந்தவர்களுக்கும் இது சரி. பேரன் வந்தால்தான் போனைத் திறப்பேன் என்கிற தாத்தாவுக்கு பயோமெட்ரிக் பூட்டே போதும்.

ஆஃப்லைன் கேஒய்சி கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு குறிகள் கொண்ட பகிர்வுக் குறியோடு ஜிப் கோப்பாக இறங்கும். ஆதார் எண் உள்ளே இருக்காது, கடைசி நான்கு இலக்கமும் நேரமும் சேர்ந்த ஒரு குறிப்பு எண் மட்டும். தொழில்நுட்பத்தில் இதைவிடச் சுத்தமான வழி இந்த ஆறில் இல்லை. வீட்டு உரிமையாளரிடமோ விடுதியிலோ ஜிப் கோப்பை நீட்டினால் வாங்க மாட்டார்கள் என்பதால் சாதாரணப் பயன் மிகக் குறைவு. தேவையான விவரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டும் புதிய செயலி இந்த இடத்தை நிரப்பலாம். எதிரில் இருப்பவரும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முழு எண்ணைக் கேட்க யாருக்கு உரிமை

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியதை ரத்து செய்தது. பான் எண்ணோடு இணைப்பது நீடித்தது, மானியங்களுக்கும் நீடித்தது. ஆதார் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 8ஏ பிரிவு, ஆஃப்லைனில் அடையாளம் சரிபார்க்கும் எவரும் ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ, சேமிக்கவோ கூடாது என்கிறது. மறைத்த நகலை மறுக்கும் விடுதியில் இதைச் சொல்லலாம். வாதாட நேரமில்லை என்றால் ஓட்டுநர் உரிமத்தையோ வாக்காளர் அட்டையையோ காட்டிவிட்டுப் போங்கள். வங்கியில் ஆதாரை வெறும் அடையாள ஆவணமாகக் கொடுக்கும்போது, அங்கீகாரம் தேவைப்படாத இடத்தில், எண்ணை மறைத்துத் தர வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய கடமை வங்கிக்கே இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதி அது.

பதிவேட்டைப் படிப்பது

அங்கீகாரப் பதிவேடு கடந்த ஆறு மாதத்தைக் காட்டும், ஒரு தடவைக்கு 50 வரிகள் வரை. தேதி, நேரம், ரேகையா ஓடிபியா, எந்த நிறுவனம், வெற்றியா தோல்வியா, பிழை எண் ஆகியவை இருக்கும். நீங்கள் போன கடையின் பெயர் அங்கே இருக்காது, அது எந்த நிறுவனம் வழியாக யூஐடிஏஐயைத் தொடர்புகொண்டதோ அதன் பெயர்தான் வரும். தெரியாத பெயர் என்றதும் பதற வேண்டாம், அந்த நாளில் சிம், கடன், கேஒய்சி ஏதாவது செய்தீர்களா என்று நேரத்தோடு ஒப்பிடுங்கள். தோல்வியடைந்த வரிகள்தான் முக்கியம். நீங்கள் எங்கும் ரேகை வைக்காத நாளில் 330 என்று ஒரு தோல்வி இருந்தால், யாரோ முயன்றிருக்கிறார்கள், பூட்டு தடுத்திருக்கிறது. மின்னஞ்சல் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்: ஒவ்வொரு அங்கீகாரத்துக்கும் யூஐடிஏஐ மின்னஞ்சல் அனுப்பும், ஆறு மாதம் கழித்துப் பட்டியலைத் துழாவ வேண்டியதில்லை.

சந்தேகமான வரி கிடைத்தால் அதன் பரிவர்த்தனை எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பயோமெட்ரிக்கைப் பூட்டி, யூஐடிஏஐயின் 1947 உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள், தெரியாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். பணமே போயிருந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள், வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 2017-இல் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் அல்லாத மோசடியில், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பு ஏதும் இல்லை. நான்கு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை இழப்பு உங்கள் தலையில் விழும். அதனால் கிளை மேலாளர் திங்கட்கிழமை வரச் சொன்னாலும், புகாரை அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.